உட்கார்ந்த குழந்தைகளின் டாக்டர்

நொண்டிக்கொண்டு வரும் குழந்தையை எப்படிப் பரிசோதிப்பது என்று சொல்லித்தரப் புத்தகங்கள் இருக்கின்றன. எந்த வயதில் எந்த நோய், எந்த நோய்க்கு எந்த எக்ஸ்ரே, எல்லாம் அட்டவணையாக இருக்கும். குழந்தை மருத்துவம் படிக்கும் நீங்கள் அதை என்னைவிட நன்றாகவே மனப்பாடம் செய்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது அட்டவணையில் இல்லை. ஒரு குழந்தை நொண்டுகிறதா என்று தெரிந்துகொள்ள, அது நடப்பதைப் பார்க்க வேண்டும்.

சிரிக்கலாம். உங்கள் வயதில் நானும் சிரித்திருப்பேன். ஆனால் குழந்தை மருத்துவனாகி இருபத்தாறு வருடம் கழித்து, இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள நான் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு டிக்கெட் எடுத்துப் போக வேண்டியிருந்தது.

என் கிளினிக் மேற்குத் தாம்பரத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பதினேழு படிகள். ஏறியதும் ஒரு கூடம். அங்கே மல்லிகா அக்கா உட்கார்ந்திருப்பார். பம்மலிலிருந்து வருவார். டோக்கன் கொடுப்பது, எடை பார்ப்பது, செருப்பைக் கழற்றாமல் உள்ளே நுழைபவர்களை விரட்டுவது ஆகிய மூன்றும் அவர் பொறுப்பு. கூடத்துக்கு அடுத்து என் அறை, எட்டுக்குப் பத்து அடி. மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு ஸ்டூல், பரிசோதனைக் கட்டில். மீதமிருந்த இடத்தில் ஒரு பூனை நடக்கலாம், அதுவும் திரும்பாமல்.

நான் குறிப்பு எழுதுகிறவன். இந்தப் பழக்கத்தைப் பற்றி எனக்கு அளவில்லாத கர்வம் இருந்தது. மற்ற டாக்டர்கள் சீட்டில் கிறுக்கிக் கொடுத்து அனுப்பும்போது, நான் ஒவ்வொரு குழந்தைக்கும் டைரியில் தனிப் பத்தி எழுதுவேன். டோக்கன் எண், வந்த நேரம், தசமப் புள்ளி வரை எடை, அப்பா சொன்னது, அம்மா அதை மறுத்தது எல்லாம் இருக்கும். ஊசி போட்டபோது அழுததா இல்லையா என்பதற்குக்கூட ஒரு குறியீடு வைத்திருந்தேன். ஒரு குழந்தை வெளியே போனதும் அதன் பத்தியை முடிப்பேன். அதற்குள் அடுத்தது வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடும். பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன்.

இதில் என்ன தவறு என்று உங்களுக்குத் தெரிகிறதா? எனக்கு இருபத்தாறு வருடம் தெரியவில்லை.

கவினுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஊரப்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு, அப்பா வங்கியில் வேலை. முதல்முறை ஒரு புதன்கிழமை மாலை அழைத்து வந்தார். எடை அறுபத்தொன்று புள்ளி நான்கு. நான் நிமிர்ந்தபோது பையன் ஸ்டூலில் உட்கார்ந்து, மேஜையிலிருந்த காகித எடைக்கல்லை உருட்டிக்கொண்டிருந்தான்.

"சார், ரெண்டு வாரமா வலது முட்டில வலின்னு சொல்றான். லேசா நொண்டறான். பம்மல்ல கட்டு கட்டறவர்கிட்ட காட்டினோம். எண்ணெய் போட்டு கட்டினார். கேக்கல."

கட்டுக் கட்டுகிறவரைப் பற்றி நான் டைரியில் எழுதிய வரியை இப்போதும் படிக்க முடிகிறது. 'வலிக்கும் இடத்தைத் தாண்டி யோசிக்கத் தெரியாதவர்கள்' என்று எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு நான் செய்தது என்னவென்றால், வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். முழங்காலை மடக்கினேன், நீட்டினேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை, காய்ச்சல் இல்லை. முழங்காலுக்கு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தேன். எக்ஸ்ரேயில் மிக அழகான முழங்கால் ஒன்று தெரிந்தது. கட்டுக் கட்டுகிறவருக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், அவர் எண்ணெய் தடவினார்.

அடுத்த திங்கள் மறுபடி வந்தார்கள். வலி குறையவில்லை. வளர்கிற வயதில் வரும் வலி என்றேன். இந்தச் சொற்றொடரை நீங்களும் பயன்படுத்துவீர்கள். மிக வசதியானது. நோயின் பெயர் போலவே இருக்கும், ஆனால் அதைச் சொல்ல ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம்.

மூன்றாம் முறை சனிக்கிழமை. அப்பாவிடம் இப்போது புதுத் தகவல் இருந்தது.

"ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர் சொல்றார் சார், இவன் ஆக்டிங் பண்றானாம். ஸ்போர்ட்ஸ் டே மார்ச் பாஸ்ட்ல நிக்கணும்ல, அதுக்குத்தான் இந்த டிராமாவாம்."

"டிராமா இல்லப்பா. நெஜமா வலிக்குது."

"எங்க வலிக்குதுன்னு கேட்டா நேத்து முட்டிங்கற, இன்னிக்கு தொடைங்கற. ஒண்ணு சொல்லு."

எலும்பு இடம் மாற்றி வலிப்பதை ஒரு பையன் தன் சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அப்பா அதைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். நீதிபதி இடத்தில் இருந்தவன் 'பள்ளியைத் தவிர்க்கும் எண்ணம்?' என்று டைரியில் எழுதினான். அந்தக் கேள்விக்குறி அடக்கத்துக்காகப் போட்டது.

எழுந்திருக்கும்போது அப்பா கேட்டார்: "நாளைக்கு மதுரைலேர்ந்து என் தம்பி குடும்பம் வருது சார். எல்லாரும் வண்டலூர் ஜூவுக்குப் போறோம். இவன் நடக்கலாமா? இல்ல வீட்லயே விட்டுடவா?"

"தாராளமா நடக்கட்டும். நடந்தாத்தான் சரியாகும்" என்றேன். கவின் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் குனிந்து எழுதினேன்: 'வண்டலூர். நடக்க அனுமதி.'

ஞாயிற்றுக்கிழமை காலையில் நோயாளிகள் கிடையாது. நான் கிளினிக்குக்குப் போய், அந்த வாரக் குறிப்புகளைக் குழந்தை வாரியாகப் பிரித்து வேறொரு பெரிய நோட்டில் சுத்தமாகப் படியெடுப்பேன். ஆம், படியெடுப்பேன். என் மனைவி இதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். மல்லிகா அக்கா அந்த நேரத்தில் தரை துடைப்பார்.

போன வாரம் படியெடுத்த கவினின் முதல் பத்திக்குக் கீழே மற்ற இரண்டையும் எழுதினேன். மூன்றாவதை முடித்ததும் என் கையெழுத்தை ரசிக்கப் பக்கத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்தேன். 'முழங்கால்' என்ற சொல் பதினொரு இடத்தில் இருந்தது. 'இடுப்பு' ஓரிடத்தில்கூட இல்லை. பன்னிரண்டு வயது. எடை அறுபத்தொன்று. முழங்காலில் ஒன்றும் இல்லை. ஆனால் வலி முழங்காலிலும் தொடையிலும்.

உங்களில் பாதிப் பேர் இப்போதே விடையைச் சொல்லியிருப்பீர்கள். நானும் சொல்லியிருப்பேன், கேள்வித்தாளில் கேட்டிருந்தால். பருமனான, வளர்கிற வயதுப் பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் உருண்டைத் தலை, எலும்பின் கழுத்திலிருந்து நழுவும். சொம்பின் மேல் வைத்த தேங்காய் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவது போல. பழுது இடுப்பில் இருக்கும், வலி முழங்காலில் கேட்கும். அதனால் முழங்கால் வலியென்று வரும் குழந்தைக்கு இடுப்பைப் பார்க்காமல் விடாதே என்று எங்களுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இதை எழுதி நான் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

கொஞ்சம் சரிந்த நிலையில் பிடித்துவிட்டால் ஒரு திருகாணியில் நிறுத்திவிடலாம். அந்த நிலையில் நன்றாக நடக்கவிட்டால், ஒரு படி தடுக்கினால் போதும், தலை முழுதாகப் பிய்த்துக்கொண்டு சரியும். அதற்குப் போகும் ரத்தம் நின்றால் பன்னிரண்டு வயதில் இடுப்பு மூட்டு செத்துப்போகும். ஜூவில் நடக்க வேண்டிய தூரம் உங்களுக்குத் தெரியும். நடக்கச் சொன்னது யார் என்றும் தெரியும்.

"அக்கா, ஊரப்பாக்கம் பையன், கவின். எப்படி நடந்தான்?"

மல்லிகா அக்கா துடைப்பதை நிறுத்தினார். "இன்னா சார் திடீர்னு? கொஞ்சம் குண்டா இருப்பானே, அந்தப் புள்ளயா? வலது பாதத்த வெளிப்பக்கமா திருப்பிகினு, ஒரு பக்கமா சாஞ்சி சாஞ்சி வருவான். படி ஏற சொல்ல ஒவ்வொரு படிக்கும் எடது காலத்தான் மொதல்ல வெப்பான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க பாத்துகினுதான இருப்பீங்கன்னு நெனச்சேன். நான் இன்னா கண்டேன்? ஒடம்பு கனம், அப்டித்தான் நடப்பான்னு வுட்டுட்டேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன் சார், நீங்க பாக்கலயா?"

பார்த்ததில்லை. அவனை மட்டுமல்ல. அந்த அறைக்குள் ஒரு குழந்தை நடந்து வந்து நான் பார்த்ததே இல்லை. நான் பார்த்தவை எல்லாம் ஏற்கனவே உட்கார்ந்துவிட்ட குழந்தைகள்.

அப்பாவின் எண்ணுக்கு அடித்தேன். ஒரு பக்திப் பாடல் முழுதாக ஒலித்து நின்றது. எடுக்கவில்லை. நான்கு முறை கேட்டேன். அந்தப் பாடல் இப்போதும் எங்கே ஒலித்தாலும் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். ஸ்கூட்டரை எடுத்தேன். பெருங்களத்தூரில் ஞாயிற்றுக்கிழமையும் நெரிசல் உண்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தவர், "பெரியவங்க எத்தன, சின்னவங்க எத்தன?" என்றார்.

"ஒருத்தர்."

"தனியாவா சார்?" என்று ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

உள்ளே ஊரே இருந்தது. நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், முகங்களைத் தேடாதது. முதுகுகளையும் கால்களையும் தேடினேன். கூட்டத்தின் பின்னால் நின்று ஒவ்வொரு பிள்ளையின் நடையையும் பார்த்தேன். தட்டைப் பாதம் இரண்டு, விரல் நுனியில் நடக்கும் ஒரு பெண் குழந்தை, அளவு பெரிய ஷூ ஏராளம். இருபத்தாறு வருடப் பாக்கியை அரை மணி நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. காக்கிச் சட்டைக் காவலாளி.

"இன்னா சார், நானும் பாத்துகினே கீறேன். மிருகத்த பாக்காம புள்ளைங்க காலையே பாத்துகினு கீறீங்க?"

"நான் டாக்டர்."

"எல்லாரும் இன்னாவோ ஒண்ணு சொல்லத்தான் செய்றாங்க. வாங்க, ஆபீஸாண்ட போய் பேசலாம்."

அவர் சந்தேகப்பட்டது முழுக்க நியாயம். தனியாக வந்து குழந்தைகளின் கால்களை உற்றுப் பார்க்கும் நடுவயது ஆளை நானும் அப்படித்தான் நடத்துவேன். கையிலிருந்த டைரியைப் பிரித்துக் காட்டினேன். என் வாழ்க்கையில் அந்தக் கையெழுத்து உருப்படியாக உதவியது அந்த ஒருமுறைதான். "ஒரு பையன். பன்னெண்டு வயசு. குண்டா இருப்பான். வலது கால நொண்டுவான். அவன் நடக்கவே கூடாது. உடனே பிடிக்கணும்."

"அந்தப் புள்ளயா?" அவர் குரல் மாறியது. "காலைல கேட்டாண்ட பாத்தேனே. புள்ள நடக்க முடியாம பேஜாராயி நின்னுச்சு. அவங்கப்பா, 'நடடா, டாக்டரே நடக்க சொல்லிக்கீறாரு'ன்னு இட்டுகினு போனாரு." என்னை ஒரு நொடி பார்த்தார். "எந்த டாக்டர் சார் அப்டி சொன்னது?"

டைரியை மூடினேன். அவர் மறுபடி கேட்கவில்லை. "சிங்கத்தாண்ட போற ரோட்ல பாருங்க" என்று கை காட்டினார்.

அங்கேதான் பார்த்தேன். நீளமான, நேரான பாதை. முன்னால் ஒரு பெரிய குடும்பம் கூடைகளோடு போய்க்கொண்டிருந்தது. எல்லோருக்கும் பின்னால் இருபதடி தள்ளி ஒரு முதுகு. வலது பாதம் வெளிப்பக்கமாக, கடிகாரத்தின் இரண்டு மணி முள்போலத் திரும்பியிருந்தது. அந்தக் காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்து, அவசரமாக இடது காலுக்குத் தாவியது. ஐந்தே அடிகள் போதும். எக்ஸ்ரே வேண்டாம், டைரி வேண்டாம், நான்கூட வேண்டாம். அந்தப் பாதையில் வேர்க்கடலை விற்றவரே சொல்லியிருப்பார், பழுது முழங்காலில் இல்லையென்று.

முன்னால் போனவர்களில் ஒருவர், மதுரைச் சித்தப்பாவாகத்தான் இருக்க வேண்டும், திரும்பிக் கைதட்டினார். "டேய் கவினு, இந்த மரம் வரைக்கும் ஓடியா பாப்போம்! முதல்ல வந்தா ஐஸ்கிரீம்டா மகனே!" எல்லோரும் சிரித்தார்கள். கவின் கால்சட்டையை மேலே இழுத்துக்கொண்டு ஓடத் தயாரானான்.

"கவின்! ஓடாதே! அப்படியே நில்லு!"

நான் அவ்வளவு சத்தமாக அதற்கு முன்பும் பின்பும் கத்தியதில்லை. பக்கத்துக் கூண்டில் ஏதோ ஒரு பறவை பதில் சொன்னது. பையன் அப்படியே நின்றான். ஓடிப்போய் அவன் அக்குளில் கை கொடுத்துப் பக்கத்திலிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்தேன். குடும்பம் திரும்பி வந்து என்னைச் சூழ்ந்துகொண்டது.

"சார்? நீங்க எங்க இங்க?" என்றார் அப்பா.

இப்போது கவனியுங்கள். இந்த இடத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன். பத்துப் பதினைந்து பேர் முன்னால் மூச்சிரைக்க நிற்கிறேன். வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஒண்ணுமில்ல, சின்ன சந்தேகம். இடுப்புக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்னு தோணிச்சு."

எவ்வளவு பாந்தமான பொய். சந்தேகமாம், அதுவும் சின்னதாம். டாக்டரின் மானம் ஒரு சுருக்கம் விழாமல் இஸ்திரி போட்டபடி இருந்தது.

"அதுக்காக இவ்வளவு தூரம் வந்தீங்களா? ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று அப்பா உருகினார். "நாளைக்கு காலைல எடுத்துடறோம். இப்பதான் பாதி பாத்திருக்கோம். புளியோதர கட்டிட்டு வந்திருக்கோம், நீங்களும் சாப்பிடுங்க சார்."

சித்தப்பா என் கையில் ஒரு காகிதத் தட்டையும் கொடுத்துவிட்டார். பையன் பெஞ்சிலிருந்து எழ முயன்றான். சின்ன சந்தேகத்துக்கு யாராவது புளியோதரையை விட்டுவிட்டு வருவார்களா? என் மானம் அப்படியே இருக்க வேண்டுமானால், அவன் இன்னும் பாதி ஜூவை நடக்க வேண்டும்.

தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். "சார், நான் தப்பு பண்ணிட்டேன். மூணு தடவையும் முட்டிய மட்டும் பாத்தேன். இடுப்ப தொடவே இல்ல. இவன் நடிக்கல. நடக்கலாம்னு நான் சொன்னது தப்பு. இடுப்பு எலும்பு நழுவிட்டு இருக்குன்னு நினைக்கறேன். இனிமே ஒரு அடிகூட ஊனக்கூடாது. இப்பவே ஆஸ்பத்திரி போகணும்."

கவினை அந்தப் பெஞ்சிலேயே சாய வைத்து, வலது தொடையை மெதுவாக மேலே மடக்கினேன். கால் நேராக வராமல் தானாக வெளிப்பக்கம் சுழன்று போனது. இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் பத்து வினாடி. என் அறையில் கட்டில் இருந்தது. பத்து வினாடியும் இருந்தது.

"நீங்கதான சார் நடந்தா சரியாகும்னீங்க?" என்றார் அப்பா. குரல் உயரவில்லை, அதனால் இன்னும் மோசமாக இருந்தது. "நான் காலைலேர்ந்து அவன திட்டிட்டே வந்தேன் சார்."

"நான் சொன்னதாலதான் திட்டினீங்க. அதுவும் என்னோடதுதான்."

கவின் மட்டும் யாரையும் திட்டவில்லை. பெஞ்சில் படுத்தபடி அப்பாவைப் பார்த்து, "சொன்னேன்ல? டிராமா இல்லன்னு சொன்னேன்ல?" என்றான். பன்னிரண்டு நாளில் அவனுக்குக் கிடைத்த முதல் மருந்து அதுதான் என்று நினைக்கிறேன்.

காவலாளி எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் உட்கார்ந்ததும் கவின், "அப்பா, போற வழில புலிய மட்டும் பாத்துட்டுப் போலாமா?" என்றான். நான் கூடாது என்றேன். பிறகு, போகும் வழிதான் என்று காவலாளி சொன்னதால், நிற்காமல் பார்க்க அனுமதித்தேன். புலி தூங்கிக்கொண்டிருந்தது.

மதியம் எடுத்த படத்தில் எலும்பின் தலை சரிந்திருந்தது. முழுதாக அல்ல. எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் மறுநாள் காலை ஒரு திருகாணி போட்டு நிறுத்தினார். "வலி வந்து எத்தனை நாள்?" என்று கேட்டார். "இருபத்தாறு நாள். அதில் பன்னிரண்டு நாள் என்னிடம்" என்றேன். அவர் என்னை ஏன் அப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை. ஒருவேளை அவரிடம் நாள்கணக்கை யாரும் அப்படிப் பிரித்துச் சொன்னதில்லையோ என்னவோ.

அதற்குப் பிறகு என் மேஜையைச் சுவரோரமாகத் தள்ளித் திருப்பிப் போட்டேன், உட்கார்ந்தால் கதவைப் பார்க்கிற மாதிரி. ஸ்டூலைத் தூக்கிக் கூடத்தில் வைத்தேன். கால்வலி என்று வந்த பிள்ளைகளைக் கூடத்தின் நீளத்துக்கு இரண்டு முறை நடக்கவிட்டேன். "சார் இப்பல்லாம் பரேட் எடுக்கறாரு" என்று மல்லிகா அக்கா வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். டைரியில் எடைக்கு முன்னால் ஒரு கட்டம் சேர்த்தேன்: 'நடந்ததைப் பார்த்தேன்.' பார்க்காதபோது அதை நிரப்பும் ஆசை எத்தனை முறை வந்தது என்பதை உங்களிடம் சொல்ல மாட்டேன்.

போன வருடம் கிளினிக்கை மூடிய சில வாரங்களில், தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் கல்லூரிப் பையோடு உயரமான ஓர் இளைஞன். கூட்டம் அவனை மறைத்து மறைத்துக் காட்டியது. வலது பாதம் கொஞ்சம், மிகக் கொஞ்சம், வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் வலது தோள் ஒரு நூல் தாழ்ந்தது. வேறு யாருக்கும் தெரியாது. வலது கால் இடதைவிட ஒரு சென்டிமீட்டர் குட்டை. அதை நான்தான் அளந்தேன், ஒருமுறைக்கு மூன்று முறை. முதல் புதன்கிழமையே பிடித்திருந்தாலும் அது வந்திருக்கலாம் என்று அந்த நிபுணர் பெருந்தன்மையாகச் சொன்னார். இருக்கலாம். டைரியில் அந்த ஒரு சென்டிமீட்டரை என் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

படி இறங்கும் இடத்தில் அவன் சட்டென்று நின்று திரும்பினான்.

"என்ன சார், இன்னமும் பின்னாடியேதான் வந்து பாப்பீங்களா?"

"எப்படிடா தெரிஞ்சுது?"

"செருப்புச் சத்தம் சார். நான் நின்னா நிக்குது, நடந்தா நடக்குது."

"வலி இருக்கா?"

"மழைக்கு மட்டும். டிராமா இல்ல சார்" என்று சிரித்தான்.

கீழே ரயில் வந்து நின்றது. "ஒருதடவ நடந்து காட்டு" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் படிகளில் இறங்கத் தொடங்கிவிட்டான். எனக்கும் அதே ரயில்தான். ஆனாலும் மேலேயே நின்று, அவன் கடைசிப் படி இறங்கி, நடைமேடையைக் கடந்து, பெட்டியில் கால் வைக்கும் வரை பார்த்தேன். வலது காலைத்தான் முதலில் வைத்து ஏறினான்.

ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தபோது டைரியை எடுத்து, அந்தக் கட்டத்தை நிரப்பினேன்.